வெளிநாட்டுப் பயணத்தில் சாப்பாட்டுச் செலவு: கேட்டவர்களுக்குப் பதில்

இன்று மாலை வரை வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். விசா, விமான டிக்கெட் பற்றிக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது சாப்பாட்டுக் கணக்கு மட்டும்.

முதல்பயணி: இரண்டு வாரம் ஐரோப்பா போகிறோம். மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் கட்டுப்படியாகுமா?

ஆகாது. அதற்காக மூன்று வேளையும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு திரியவும் வேண்டாம். ஒரு வேளை உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுங்கள். அது மதியமாக இருக்கட்டும். ஸ்பெயினில் வார நாட்களில் 'மெனு டெல் தியா' என்று வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். இரண்டு பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்போ காபியோ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. அதே கடையில் இரவு தனித்தனியாகச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இரவுக்கு சூப்பர்மார்க்கெட் போதும். ஜெர்மனியில் மட்டும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ஞாயிறன்று ரயில் நிலையக் கடைகளைத் தவிர அநேகமாக எல்லாம் மூடியிருக்கும்.

இன்னொன்று, பில்லை ஏற்றிவிடுவது பாதி நேரம் சாப்பாடே இல்லை. அதைச் சுற்றி வருகிற சமாச்சாரங்கள். இத்தாலியில் பல கடைகளில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு இவ்வளவு என மேசைக் கட்டணம் போடுவார்கள். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. போர்ச்சுகலில் நாம் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் வந்து இறங்கும். உபசாரம் என்று நினைத்துக் கை வைத்தால் பில்லில் ஏறிவிடும். தொடாவிட்டால் காசு கிடையாது, தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எப்போதும் சொல்வதைத் திரும்பச் சொல்கிறேன்: பசி வந்த பிறகு கடை தேடாதீர்கள். பசித்தவன் மெனுவில் விலையைப் பார்ப்பதில்லை.

நீலக்குடை: தண்ணீருக்கே நிறைய செலவாகிறது. என்ன செய்யலாம்?

பிரான்சில் 'காராஃப் தோ' என்று கேளுங்கள். சாப்பிட வந்தவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பது அங்கே சட்டம். சும்மா 'தண்ணீர்' என்றால் பாட்டில் வந்து நிற்கும். ரோமில் 'நசோனி' என்ற தெருக் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன, நல்ல குடிநீர். காலி பாட்டிலை விமான நிலையச் சோதனையில் தடுக்க மாட்டார்கள். உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம்.

கடைசிரயில்: ஜப்பானில் மலிவாகச் சாப்பிட?

சூப்பர்மார்க்கெட்டுக்குக் கடை மூடும் நேரத்தை ஒட்டிப் போங்கள். ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு வந்து சமைத்த உணவுப் பெட்டிகள் மேல் ஒட்டிக்கொண்டே போவார். முதலில் இருபது, முப்பது சதவீதத் தள்ளுபடி, கடைசியில் பாதி விலை. அவர் பின்னாலேயே நாலு பேர் ஒன்றும் தெரியாத மாதிரி நடந்து வருவார்கள். ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனிப்பை: வீட்டிலிருந்து மின்சாரக் கெட்டில் எடுத்துப் போகலாமா?

எந்த நாடு என்று சொல்லவில்லையே. ஜப்பானில் 100 வோல்ட். 230 வோல்ட் கெட்டிலை அங்கே மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு சக்திகூட வராது. தண்ணீர் கொதிப்பதற்குள் தூங்கிவிடுவீர்கள்.

அரைமூட்டை: ஹோட்டல் காலை பஃபேயில் மதியத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். காசு கொடுத்தாச்சே?

கொடுத்த காசு அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு. ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் போனால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். டப்பா கொண்டுவந்து நிரப்புவது வேறு.

நேர்வழி: மிஞ்சினால் குப்பைக்குத்தானே போகிறது? அதை எடுத்தால் என்ன தப்பு?

மிஞ்சுமா மிஞ்சாதா என்று காலை ஏழரை மணிக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அரைமூட்டை: நீங்கள் எடுத்ததே இல்லையா?

சரி, மாட்டிக்கொண்டேன். எடுத்திருக்கிறேன். முழுதாக வெந்தது என்று நினைத்து இரண்டு முட்டையை டிஷ்யூவில் சுற்றிப் பைக்குள் போட்டேன். பாதிதான் வெந்திருந்தது. மியூசியம் வாசலில் பையைத் திறந்தால் பாஸ்போர்ட் உறை முழுக்க மஞ்சள் கரு. அதிகாலையில் கிளம்புகிறவர்கள் முந்தின இரவே வரவேற்பில் சொல்லிப் பாருங்கள், பல ஹோட்டல்களில் பொட்டலமாகவே கட்டித் தருவார்கள்.

நேர்வழி: என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கவில்லை. இதோடு பஃபே முடிந்தது.

பச்சைஇலை: வீட்டில் செய்த உணவை எடுத்துப் போகலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் இறைச்சி, பால் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவு எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதுங்கள். எழுதினால் அதிகபட்சம் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறைத்தால், மறந்துபோன ஒரு ஆப்பிளுக்குக்கூட நியூசிலாந்தில் 400 டாலர் அபராதம். எத்தனை நாள் சாப்பாட்டுக் காசு அது?

மணல்மேடு: குடிதண்ணீர்ச் செலவைக் குறைப்பது எப்படி?

நீலக்குடைக்கு எழுதியதைப் பாருங்கள்.

இரண்டுசக்கரம்: ரொட்டி வாங்கி ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் மலிவாக முடியுமே?

முடியாது. அந்தப் படிகளில் உட்காரவே 2019 முதல் தடை, அபராதம் 400 யூரோ வரை போகும். பூங்கா பெஞ்சுக்குப் போங்கள்.

பாதிவழி: அமெரிக்காவில் மெனு விலையைவிட பில் அதிகமாக வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. விற்பனை வரியை மெனு விலையில் சேர்க்க மாட்டார்கள். மேசைக்கு வந்து பரிமாறும் கடை என்றால் டிப்ஸும் 15 முதல் 20 சதவீதம் எதிர்பார்ப்பார்கள். கவுண்டரில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அந்த டிப்ஸ் மிச்சம்.

இன்னும் ஒன்பது கேள்வி இருக்கிறது. ஐந்து தண்ணீர், நாலு பஃபே. எல்லாம் மேலேயே இருக்கிறது.