கணக்கு டீச்சர் பதில்கள்: வகுத்தபோது காணாமற்போன பூச்சியம்

(வழக்கமான குறிப்பு: எக்ஸ் வரவேண்டிய இடத்தில் இந்தப் பக்கத்தில் 'ய' என்றும், எச் வரவேண்டிய இடத்தில் 'ஹ' என்றும் அச்சாகிறது. கொப்பியில் நீங்கள் பழகியபடியே எழுதுங்கள்.)

ய² = 5ய என்ற சமன்பாட்டில் இரண்டு பக்கத்தையும் ய ஆல் வகுத்து ய = 5 என்று எழுதினேன். விடை சரி, ஆனால் பாதிப் புள்ளிதான் கிடைத்தது. ஏன் டீச்சர்?
- தரம் 11 மாணவி, மூதூர்

5 சரிதான் மகள். ஆனால் ய இருக்கும் இடத்தில் 0 ஐப் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 0, வலப்பக்கமும் 0. அதுவும் ஒரு விடை. நீங்கள் வகுத்த அந்த வரியில்தான் அது தொலைந்தது. ய எவ்வளவு என்று இன்னும் தெரியாதபோது அது பூச்சியமாகவும் இருக்கலாம். பூச்சியத்தால் வகுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

வகுக்காமல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டு வாருங்கள்.

ய² − 5ய = 0
ய(ய − 5) = 0

இரண்டு எண்களின் பெருக்கம் பூச்சியம் என்றால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆகவேண்டும். ஆகவே ய = 0 அல்லது ய = 5.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். (ய − 3)(ய + 2) = 14 என்று தந்தால், ய − 3 = 14, ய + 2 = 14 என்று எழுதுகிற பிள்ளைகள் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். பெருக்கினால் 14 வர 1 உம் 14 உம் போதும், 2 உம் 7 உம் போதும், அரையும் 28 உம் கூடப் போதும். அந்தச் சலுகை பூச்சியத்துக்கு மட்டும்தான். எனவே முதலில் விரியுங்கள்.

ய² − ய − 6 = 14
ய² − ய − 20 = 0
(ய − 5)(ய + 4) = 0

ய = 5 அல்லது −4. போட்டுப் பார்த்தால் 2 × 7 = 14, (−7) × (−2) = 14. இரண்டும் பொருந்துகின்றன. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் செய்யமாட்டார்கள்!

வர்க்கப் பூர்த்தியாக்கலில் ய² + 6ய − 4 = 0 க்கு 9 ஐக் கூட்டச் சொல்கிறார்கள். அந்த 9 எங்கிருந்து வருகிறது?
- தரம் 11 மாணவர், தம்பலகாமம்

'பாதியை எடுத்து வர்க்கி' என்று பாடமாக்கியிருப்பீர்கள். அதை மறந்துவிட்டு ஒரு படம் கீறுங்கள் தம்பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் இருந்த கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியும் படம் கீறித்தான் இதை விளக்கினார்.

ய பக்கமுள்ள ஒரு சதுரம். அதன் பரப்பு ய². 6ய ஐ 3ய, 3ய என்று இரண்டு பட்டைகளாக வெட்டி, ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கம் ஒட்டுங்கள், மற்றதைக் கீழே ஒட்டுங்கள். பெரிய சதுரமாக வரப் பார்க்கும், ஆனால் ஒரு மூலை வெறுமையாக இருக்கும். அந்த மூலை 3 க்கு 3. அதுதான் உங்கள் 9.

ய² + 6ய = 4
ய² + 6ய + 9 = 13
(ய + 3)² = 13
ய = −3 ± √13

√13 ஐ 3.6 என்று எடுத்தால் 0.6, −6.6. சமன்பாட்டில் 0.6 ஐப் போட்டால் 0.36 + 3.6 − 4 = −0.04 வரும். சரியாகப் பூச்சியம் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். மூலத்தைக் கிட்டிய முதலாம் தசமதானத்துக்கு எடுத்ததால் வந்த வித்தியாசம் அது.

மகன் கணக்கைப் போனில் படம் எடுக்கிறான், உடனே படிமுறையோடு விடை வருகிறது. அதைப் பார்த்து எழுதுகிறான். போனை வாங்கி வைத்துவிடவா?
- ஒரு தாய், பாலையூற்று

வேண்டாம் அம்மா, வாங்கி வைத்தால் பக்கத்து வீட்டுப் போன் இருக்கிறது. ஒழுங்கை மட்டும் மாற்றுங்கள். முதலில் அவன் தன் கையால் கடைசி வரி வரை செய்யட்டும், பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு போனைத் திறந்து, இரண்டும் முதன்முதலில் எந்த வரியில் பிரிகின்றன என்று தேடட்டும். அந்த ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டு, ஏன் என்று பக்கத்தில் எழுதவேண்டும். அதற்குக் கீழே உள்ளதைப் பார்த்து எழுதக் கூடாது.

முதற் கோட்பாடுகளிலிருந்து வகையிடும்போது, ய இல் வரும் சிறு மாற்றமான ஹ பூச்சியமில்லை என்று சொல்லி வகுக்கிறோம். அடுத்த வரியிலேயே ஹ ஐப் பூச்சியமாக்குகிறோம். இது ஏமாற்று வேலை இல்லையா?
- உயர்தர மாணவர், கிண்ணியா

இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1734 இல் அயர்லாந்தைச் சேர்ந்த பார்க்ளி என்ற பாதிரியார் நியூட்டனின் ஆட்களைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டார். அவர்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கோசி, வயர்ஸ்ட்ராஸ் போன்ற கணித அறிஞர்கள் எல்லை என்ற கருத்தைச் செப்பனிட்டுத் தர அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஊர்ப் பாலத்தையே எடுப்போம். நீளம் 396 மீற்றர். மோட்டார் சைக்கிளில் 36 செக்கனில் கடந்தால் சராசரி வேகம் செக்கனுக்கு 11 மீற்றர். ஆனால் நடுப்பாலத்தில் வேகமானி என்ன காட்டியது? அதை அறிய நடுப்பகுதியில் 20 மீற்றரை மட்டும் எடுத்துத் தூரத்தை நேரத்தால் வகுக்கலாம், பிறகு 2 மீற்றரை, பிறகு இன்னும் குறைவாக. ஒருபோதும் பூச்சிய நேரத்தால் வகுப்பதில்லை. நேரம் சுருங்கச் சுருங்க அந்தச் சராசரிகள் எந்த எண்ணை நெருங்குகின்றன என்றுதான் பார்க்கிறோம். அந்த எண்தான் எல்லை.

ய² க்குச் செய்து பார்ப்போம்.

[(ய + ஹ)² − ய²] ÷ ஹ = (2யஹ + ஹ²) ÷ ஹ = 2ய + ஹ

ய = 3 என்க. ஹ = 0.1 என்றால் 6.1 வரும், 0.01 என்றால் 6.01, 0.001 என்றால் 6.001. மறைப் பக்கமிருந்து வந்து ஹ = −0.1 எனப் போட்டால் 5.9. எல்லாம் 6 ஐ நோக்கித்தான் வருகின்றன. ஹ பூச்சியமல்ல என்பதால்தான் வகுக்க முடிந்தது, அது கடைசி வரை பூச்சியமாகவும் இல்லை. 2ய என்பது அந்தக் கோவை நெருங்கும் எண், அதைத்தான் ய² இன் பெறுதி என்கிறோம். அதனால்தான் எல்லைக் குறியீட்டை ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்கிறோம். அதை இடையில் விட்டுவிட்டால் உங்கள் 'ஏமாற்று வேலை' குற்றச்சாட்டு உண்மையாகிவிடும்.

40 மீற்றர் வலையால், ஒரு பக்கம் மதிலாக இருக்க, கருவாடு காயவைக்கச் செவ்வக அடைப்புப் போட வேண்டும். மிகப்பெரிய பரப்பு எது? சதுரம்தான் என்கிறாள் தங்கச்சி. எனக்கு வேறு விடை வருகிறது.
- உயர்தர மாணவி, நிலாவெளி

மதிலுக்குச் செங்குத்தான பக்கம் ய என்றால் மற்றப் பக்கம் 40 − 2ய.

பரப்பு = ய(40 − 2ய) = 40ய − 2ய²
பெறுதி = 40 − 4ய = 0, எனவே ய = 10

பக்கங்கள் 10, 20. பரப்பு 200 சதுர மீற்றர். இரண்டாம் பெறுதி −4, மறை என்பதால் இது உயர்வுதான். இதை எழுதாமல் விடாதீர்கள், புள்ளி போகும். 9 ஐயும் 11 ஐயும் போட்டாலும் தெரியும், இரண்டுக்கும் 198.

தங்கச்சி சொன்னதிலும் விசயம் இருக்கிறது. மதிலைக் கண்ணாடியாக நினைத்து, அந்தப் பக்கமும் இதே அடைப்பைக் கீறுங்கள். மொத்தம் 80 மீற்றர் சுற்றளவு. அதில் மிகப்பெரியது 20 க்கு 20 சதுரம், அதில் பாதி உங்களுடைய 10 க்கு 20. அவளிடம் சொல்லுங்கள், சந்தோசப்படுவாள்.

1/ய² ஐ −1 இலிருந்து 1 வரை தொகையிட்டால் −2 வருகிறது. வளையி முழுவதும் அச்சுக்கு மேலே இருக்கிறது, பரப்பு எப்படி மறையாகும்?
- உயர்தர மாணவர், உவர்மலை

தொகையீடு −1/ய. 1 இல் −1, −1 இல் +1, கழித்தால் −2. வரிக்கு வரி பிழை தெரியவில்லை, ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. −1 க்கும் 1 க்கும் நடுவில் யார் நிற்கிறார் பாருங்கள்: மூதூர் மகளைக் கவிழ்த்த அதே பூச்சியம். அங்கே 1/ய² க்குப் பெறுமானமே இல்லை. இரு பக்கமும் வளையி எல்லையில்லாமல் மேலே போகிறது. இடைவெளி முழுவதும் சார்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் இரு முனைகளையும் போட்டுக் கழிக்கும் விதி செல்லும். இங்கே அது செல்லாது, பரப்பும் முடிவில்லாதது. 1 இலிருந்து 2 வரை தொகையிட்டால் −1/2 + 1 = 1/2, அதில் எந்தச் சிக்கலும் இல்லை.