பெயர்த்தியின் ஓவியம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு என் அப்பாயி மறைந்த மூன்றாம் மாதத்தில் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது; அப்பாயியின் பெயரையே வைத்தோம். முதல் பிறந்தநாளுக்கு எங்கள் முன்னோரை ஓர் ஓவியமாக வரைந்து கொடுக்க விரும்புகிறேன். அப்பாயிக்கு வாக்காளர் அட்டைப் படம் ஒன்றே இருக்கிறது. அவருடைய தாய்க்கு அதுவும் இல்லை. கிளைதோறும் முகங்களை ஒட்டிய மரமாக ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். முகம் தெரியாதவரை எப்படி வரைவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1936-ல் வரைந்த ‘என் தாத்தா பாட்டிகள், என் பெற்றோர், நான்’ என்ற ஓவியத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அது, 30.7-க்கு 34.5 செ.மீ. அளவே கொண்ட துத்தநாகத் தகட்டில் வரையப்பட்டது. வேண்டுதல் நிறைவேறியவர்கள் தகரத்தில் வரைந்து தேவாலயங்களில் வைக்கும் மெக்சிகோவின் காணிக்கைப் படங்களை அது நினைவூட்டுகிறது. குடும்பத்தை வரையப் பெரிய பரப்பு தேவையில்லை.

மெக்சிகோ நகரின் கொயோவாகான் பகுதியிலுள்ள தன் வீட்டு முற்றத்தில் சின்னஞ்சிறு பெண்ணாக ஃப்ரீடா நிற்கிறார். அவர் கையில் பிடித்திருக்கும் சிவப்பு நாடா பெற்றோரைக் கடந்து மேலேறி, மேகங்களிலிருந்து நோக்கும் நான்கு முதியோரைச் சென்றடைகிறது. தாய்வழியினர் மெக்சிகோவின் நிலத்துக்கு மேலேயும், ஜெர்மனியில் வாழ்ந்த தந்தைவழியினர் கடலுக்கு மேலேயும் இருக்கிறார்கள். தான் ஒருபோதும் கண்டிராத தந்தைவழிப் பாட்டியின் முகத்தில், தன்னுடையவை போலவே இணைந்த புருவங்களை அவர் தீட்டியிருக்கிறார். நீங்கள் அஞ்சும் மரத்தில் குழந்தை ஏதோ ஒரு கிளையின் நுனியில் ஒட்டியிருப்பாள். இங்கேயோ அத்தனை பேரையும் பிடித்திருப்பது குழந்தையின் கைதான்.

என்னை மிகவும் உலுக்குவது வேறொன்று. 1932-ல் ஃப்ரீடாவின் கரு கலைந்தது. அதே ஆண்டில் தாயும் இறந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தாயை மணக்கோலத்தில் வரைந்து, வெண்ணிற உடையின் மேல் தொப்புள்கொடியோடு ஒரு கருவையும், அருகே கருவுறும் முட்டையையும், மகரந்தம் ஏற்கும் கள்ளிப்பூவையும் வைத்தார். இழந்தவரை வரைய அவர் தேர்ந்த தருணம், அவரிடமிருந்து உயிர் தொடங்கிய தருணம். உங்கள் வீட்டிலும் அது நிகழ்ந்திருக்கிறது. பேத்தி என்னும் சொல்லே பெயர்த்தி, பெயரை ஏற்றவள் என்பதுதானே.

ஆகவே குழந்தையிலிருந்து தொடங்குங்கள். வாக்காளர் அட்டைப் படத்தை அப்படியே பார்த்து வரைய வேண்டாம்; அது ஏதோ ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றவரின் முகம். உங்கள் தந்தையின் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் சில நாட்கள் பொறுமையாக வரைந்து பாருங்கள். நெற்றியிலோ காதுமடலிலோ அப்பாயி தென்படக்கூடும். அவருடைய தாய்க்கு மட்டும் ஒரு முகத்தைக் கற்பனை செய்யாதீர்கள், ஏனெனில் நாளை அந்தக் குழந்தை அதையே உண்மையென்று நம்பி வளரும். அவர் பிறந்த ஊருக்கு ஒருமுறை சென்று, அந்த மண்ணின் நிறத்தைப் பார்த்து வந்து, அவருக்குரிய இடத்தில் அந்நிறத்தைப் பூசுங்கள். குழந்தையின் கையிலிருந்து புறப்படும் கோடு அதையும் தொட்டுச் செல்லட்டும்.

ஓவியம் முடிந்ததும் அவசியம் எனக்கு அனுப்புங்கள்.