கையளவு காளை – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குப் பெருமாநல்லூர் பக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை. ராத்திரி பையன் தூங்கியதும் ஊசி எடுத்துக் குட்டிப் பொம்மைகள் பின்னுவேன். கட்டைவிரல் உயர யானை, தொப்பி போட்ட முருங்கைக்காய், தூக்கக் கலக்கத்தில் ஒரு இட்லி, இப்படி. போன மாதம் காங்கேயம் காளை ஒன்று பின்னிப் படம் போட்டேன். கோவையில் ஒரு பரிசுப் பொருள் கடையில் மாதம் 200 காளை கேட்கிறார்கள், ஒன்றுக்கு 80 ரூபாய். எனக்கு ஒன்று பின்ன மூன்றரை மணி நேரம் ஆகிறது. வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமா என்று ஆசையாக இருக்கிறது. வீட்டில் “பொம்மை பின்னிச் சோறு திங்க முடியுமா” என்கிறார்கள். மாமியார் மட்டும் “நீ செய்யி கண்ணு” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? படம் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

படத்தைத்தான் முதலில் பார்த்தேன், கடிதம் அப்புறம். கொம்பு வெளியே விரிந்து பின்னால் வளைகிற வளைவைப் பிடித்திருக்கிறீர்கள். கழுத்தும் திமிலும் கறுத்து, முதுகு மயிலையாக, அதாவது சாம்பல் நிறமாக, வெளுக்கிற இடத்தில் இரண்டு நிற நூலையும் சேர்த்து ஒரு சுற்றுப் பின்னியிருக்கிறீர்கள். அந்த ஒரு சுற்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்த கண் அது. திமில் மட்டும் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. ஒரு சுற்று முன்னால், தோளுக்கு மேல் வரட்டும்.

பெரிய பொம்மையில் ஒரு சுற்றுத் தள்ளினால் யாருக்கும் தெரியாது. நான்கு செண்டிமீட்டர் காளையில் ஒரு சுற்றுத் தள்ளினால் அது ஒட்டகம். இந்த வேலையின் அருமை அங்கேதான் இருக்கிறது, கஷ்டமும் அங்கேதான். சின்னதாகச் செய்வது சுலபம் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். பத்து கிராம் நூல்கூட ஆகாத பொருளுக்கு 80 ரூபாய் தாராளம் என்றுதான் அந்தக் கடைக்காரருக்கும் தோன்றியிருக்கும். நம் ஊர் 30-ஆம் நம்பர் பனியன் நூல் ஒரு கிலோவை இழுத்து நீட்டினால் 50 கிலோமீட்டர் போகும், உங்களுக்கே தெரியும். உங்கள் காளையில் நூலுக்கு என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது? விலை முழுக்க நேரத்துக்குத்தான்.

சரி, கணக்கைப் போடுவோம். 200 காளை, ஒவ்வொன்றுக்கும் மூன்றரை மணி. மொத்தம் 700 மணி நேரம். முப்பது நாள் மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம்தான். சாப்பாடு, தூக்கம், பையன் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 20 மணி நேரம். கூலி மணிக்கு 23 ரூபாய்கூட வராது, அதிலும் நூல் உங்களுடையது. இந்த ஆர்டரை எடுக்காதீர்கள்.

இதில் எனக்கு ஒரு சொந்த ஆத்திரமும் உண்டு. என் அம்மா ஒயர் கூடை பின்னினார். ஒயரைக் கூடை கேட்பவர்களே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். கூலி என்று கையில் என்ன இருக்கிறதோ அது. “சும்மா இருக்கற நேரத்துல போடறதுதானுங்களே” என்பார்கள். அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. மாடு கறந்து, காட்டுக்குப் போய் வந்து, விளக்கு வைத்த பிறகு உட்கார்ந்து பின்னிய கூடை அது. பிற்பாடு ஆந்திராவின் நரசாபுரத்தில் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா லேஸ் பற்றிப் படித்தபோது அம்மா ஞாபகம்தான் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வேலை. அங்கே வீட்டுக்குள் இருந்தே பின்னிய பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆய்வு செய்து 1982-ல் புத்தகமாக வெளியிட்டார். லேஸ் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போனது. பின்னிய பெண்களோ ஓய்வு நேரத்தில் ஏதோ செய்யும் குடும்பப் பெண்கள் என்றே கணக்கில் வந்தார்கள், கூலியும் அதற்கேற்ற மாதிரிதான். பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லே கூலியைத் தின்றுவிடும். அந்தச் சொல்லை உங்கள் வீட்டிலும் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

அப்படியானால் பொம்மை பின்னிச் சோறு திங்க முடியாதா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் எண்ணிக்கையை நம்பி அல்ல. உங்கள் ஊரையே பாருங்கள். 30 இன்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) பின்னல் மெஷினில் 2,200-க்கும் மேல் ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. உங்கள் காளைக் காலுக்கு நாலு ஊசியில் மொத்தம் பன்னிரண்டு கண்ணி, அதாவது நூல் வளையம், இருக்குமா? இரண்டும் ஒரே கண்ணிதான், இரண்டிலும் வருவது குழாய்தான். 1589-ல் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தைச் செய்தபோதே இயந்திரம் இந்தக் கண்ணியைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒன்றையே ஆயிரம் தடவை செய்வதில் அதனோடு போட்டி போட்டு, அதுவும் திருப்பூரில் இருந்துகொண்டு, யார் ஜெயிக்க முடியும்? ஆனால் எந்தக் கண்ணியில் குறைத்தால் குளம்பு வரும், இட்லிக்கு எங்கே கண் வைத்தால் தூக்கக் கலக்கம் வரும் என்பதை முடிவு செய்தது நீங்கள். விற்க வேண்டியது அந்த முடிவை.

அமெரிக்காவில் அன்னா ஹ்ராகோவெக் என்று ஒரு வடிவமைப்பாளர், மோச்சிமோச்சி லேண்ட் என்ற பெயரில் விரல் நுனி அளவுப் பொம்மைகளை ஊசியில் பின்னுகிறவர். பின்னும் குறிப்புகளை எழுதி விற்கிறார், நூலோடு சேர்த்த கிட்டாகவும் விற்கிறார். குறிப்பை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் பத்துப் பேருக்கும் விற்கலாம், ஆயிரம் பேருக்கும் விற்கலாம். பின்னல்காரர்கள் கூடும் ரேவல்ரி மாதிரி இணையதளங்களில் இதற்கென்றே வாங்குகிறவர்கள் வருகிறார்கள். நீங்கள் ஆறு வருடமாக டெக் பேக்கோடு, அதாவது ஒரு துணியை எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்புத் தாள்களோடு, மல்லுக்கட்டுகிறவர். அளவு, அது எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்ற டாலரன்ஸ், எந்த வரிசையில் என்ன என்று பார்க்காத ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது உங்கள் தினசரி வேலை. பின்னல் குறிப்பும் ஒரு டெக் பேக்தான். எழுதியதும் மூன்று பேரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள். அவர்கள் தடுமாறும் வரியைத்தான் நீங்கள் மறுபடி எழுத வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். தமிழில் நான் பார்த்தவை மிகக் குறைவு.

இன்னும் சில விஷயங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அதனால் முதலில் கைவினைஞருக்கான பெஹ்சான் அட்டைக்கு எழுதிப் போடுங்கள். காளையின் கண்ணுக்கு மணி வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டுக் கறுப்பு நூலால் தையுங்கள், சின்னக் குழந்தை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். அப்புறம், புது உருவத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, பிறகு இன்னொரு 5 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் படம் வெளியே போவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். காளைப் படத்தைப் போட்டுவிட்டீர்கள், இனி வருவதற்காவது விசாரித்து வையுங்கள்.

வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். ஒரு வருடத்தில் பன்னிரண்டு உருவம், பன்னிரண்டு குறிப்பு. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, அதில் மேயும் மாடு, மேச்சேரி ஆடு, ஒற்றைப் பனை என்று ஒரு காட்டையே உள்ளங்கையில் வைக்கிற மாதிரி செய்யுங்கள். நவராத்திரிக் கொலுவுக்கு அதைத் தேடி வாங்குவார்கள். குறிப்பும் கொலுவும் சேர்ந்து சம்பளத்தில் பாதியை எட்டும் மாதங்கள் தொடர்ந்து வரட்டும், அப்போது வீட்டில் பேசுங்கள். மாமியார் உங்கள் பக்கம் இருக்கிறார், அது பெரிய பலம்.

எனக்கு ஒரு கன்று வேண்டும். காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாதம் போல ஆன பிறகுதான் மயிலைக்கு மாறும். அந்தச் செவலைக் கன்று, அம்மாவைத் தேடிக் கழுத்தைத் திருப்பிய மாதிரி. உட்கார்ந்த நேரத்தையெல்லாம், பிரித்துப் பின்னிய நேரம் உட்பட, எழுதி வையுங்கள். உங்கள் கம்பெனிச் சம்பளத்தை மணிக்கு வகுத்து அதே கணக்கில் விலை போட்டு அனுப்புங்கள். அதற்குக் குறைத்துச் சொன்னால் நான் வாங்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா