பாலைவனத்தில் 21 வருடம்: இன்னொரு விசா அடிக்கலாமா, ஊருக்கு வந்துவிடலாமா?

கேள்வி: அபுதாபி எமிரேட்டில் மதீனத் ஸாயித் ஊருக்கு வெளியே ஒரு கம்பெனி கேம்ப்பில் இருக்கிறேன். ஏசி மெக்கானிக், வயது 56, ஒரே கம்பெனியில் 21 வருடம். பேசிக் 3,600 திர்ஹாம், அலவன்ஸ் எல்லாம் சேர்த்து 6,000. ரூம், கரண்ட், தண்ணீர், பஸ் எல்லாம் கம்பெனி. மாதம் 4,500 ஊருக்குப் போகிறது. சொந்த ஊர் பரமக்குடி. மனைவிக்கு 52 வயது, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். வீட்டுச் செலவு 35,000, வீட்டுக் கடன் தவணை 11,000, மகன் படிப்புக்கு மாதக் கணக்கில் 15,000 ஆகிறது. கடனில் பாக்கி 5 லட்சம். என்ஆர்இ வைப்பு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி வைப்பு) 34 லட்சம். ஆறு வருடமாகச் சர்க்கரை, ஒருமுறை சிறுநீரகக் கல். 2020-ல் ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் ஊரில் மாட்டிக்கொண்டேன். மார்ச்சில் விசா முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கக் கேட்கிறார்கள். வேலையை விடும்போது கம்பெனி தரும் சர்வீஸ் காசு (கிராஜுவிட்டி) 1,26,000 திர்ஹாம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அது வந்தால் மாடி கட்டி வாடகைக்கு விடலாமா? ரிட்டயர்மென்ட் விசா எடுத்து இங்கேயே இருந்துவிடலாம் என்கிறான் ரூம்மேட். உண்மையைச் சொன்னால், ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதில்: முதலில் அந்த 1,26,000-ஐ மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு மாத முழுச் சம்பளம் என்று 6,000-ஐ 21-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். வளைகுடாவில் பாதிப் பேர் இப்படித்தான் பெருக்கி வைத்துக்கொண்டு, கடைசி நாளில் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நொந்துபோகிறார்கள். எமிரேட்ஸ் சட்டப்படி சர்வீஸ் காசு கடைசியாக வாங்கிய பேசிக்கை வைத்துத்தான்; அலவன்ஸ் சேராது. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதன்பிறகு வருடம் 30 நாள். சம்பளம் இல்லாமல் இருந்த நாட்கள் சர்வீஸில் கழியும்.

உங்கள் ஒரு நாள் பேசிக் 120 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு 21 × 120 × 5 = 12,600. ஏழு மாதம் போக உங்கள் சர்வீஸ் 20 வருடம் 5 மாதம். ஆக மீதி 15 வருடம் 5 மாதத்துக்கு, வருடம் 3,600 வீதம் 55,500. மொத்தம் 68,100 திர்ஹாம். ஒரு திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டால் 15.66 லட்சம். நீங்கள் நினைத்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வருடம் கழித்து வந்தால் 75,300 திர்ஹாம், அதாவது 17.32 லட்சம். மொத்தத் தொகை இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. பேசிக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலும் அது 86,400, நீங்கள் அதைத் தொடவில்லை.

இதில்தான் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது. புதுப்பிக்கும்போது நீட்டும் காகிதத்தில் மொத்தச் சம்பளம் அதே 6,000 என்று இருக்கும். பேசிக் 3,600 என்பது 3,000 ஆகி, அந்த 600 அலவன்ஸ் பக்கம் போயிருக்கலாம். மாதச் சம்பளத்தில் ஒரு காசு குறையாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சர்வீஸ் காசு மொத்த வருடத்துக்கும் கடைசி பேசிக்கில்தான் கணக்கு. ஒரு நாள் 100 என்றால் முதல் ஐந்து வருடத்துக்கு 10,500, மீதி 17 வருடம் 5 மாதத்துக்கு 52,250, மொத்தம் 62,750. இன்றே கிளம்பினால் வரும் 68,100-ஐவிட இது குறைவு! இரண்டு வருடம் கூடுதலாக வெயிலில் நின்று, சர்வீஸ் காசில் 5,350 திர்ஹாமைத் தொலைப்பதாக ஆகும். உங்கள் சம்மதம் இல்லாமல் பேசிக்கைக் குறைக்க முடியாது. கையெழுத்துதான் அந்தச் சம்மதம். ஆகவே காகிதத்தில் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பேசிக் என்ற ஒரு வரியைப் பாருங்கள். அரபியும் ஆங்கிலமும் இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய ஒப்பந்தத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பேசிக் 3,600 அப்படியே இருந்தால், புதுப்பியுங்கள் என்பதுதான் என் பதில். காரணம் இதோ.

கேம்ப்பில் இருப்பவருக்குத் தன் செலவு என்னவென்று தெரியாது. வாடகை இல்லை, கரண்ட் பில் கையில் வருவதில்லை, வேலைக்குப் போக பஸ், ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ். பரமக்குடி வீட்டுக்கு 35,000 போதும் என்றால் அது நீங்கள் இல்லாத வீட்டின் கணக்கு. நீங்களும் வந்தால் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை, பெட்ரோல், இராத்திரி முழுக்க ஓடும் ஏசி, இதுவரை ‘அவர் வெளிநாட்டில் இருக்கிறார்’ என்று தப்பித்த விசேஷ மொய் எல்லாம் சேரும். மாதம் 45,000 என்று வையுங்கள். இந்த மார்ச்சில் வந்தால் 34 லட்சமும் 15.66 லட்சமும் சேர்ந்து 49.66, கடன் போக 44.66. அவசரத்துக்கு ஐந்து லட்சம் ஒதுக்கினால் வருமானம் தரப்போவது சுமார் 40 லட்சம். 7 சதவீத வட்டியில் மாதம் 23,000 சொச்சம். மகன் படிப்பும் முடியவில்லை. பாதிதான் தேறுகிறது.

இரண்டு வருடம் இருந்தால், ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள்: அடுத்து முதிர்வாகும் வைப்பிலிருந்து ஐந்து லட்சம் எடுத்து வீட்டுக் கடனை அடைத்து, பத்திரத்தை வாங்கிவிடுங்கள். வைப்புக்கு 7 வாங்கிக்கொண்டு கடனுக்கு அதைவிடக் கூடுதலாகக் கட்டுவதில் அர்த்தமில்லை. மீதி 29 லட்சம் 7 சதவீதத்தில் இரண்டு வருடத்தில் 33.2 ஆகும். தவணை நின்றதும் அனுப்பும் பணத்தில் செலவு போக மாதம் 53,500 மிஞ்ச வேண்டும். 24 மாதத்தில் 12.84 லட்சம். சர்வீஸ் காசும் சேர்த்தால் 63 லட்சம். வீட்டில் நகை இருந்தால் அதை நான் இதில் சேர்க்கவில்லை, அப்படியே விடுங்கள். அந்த 53,500 மிஞ்ச வேண்டும் என்றால், சம்பளம் போன மறுநாளே தொடர் வைப்புக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் கையில் இருக்கும் பணத்துக்கு எப்போதும் ஒரு செலவு காத்திருக்கும்.

58 வயதில் வந்ததும் அந்த 63-ஐ எப்படிப் பிரிப்பது? ஐந்து லட்சம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் வைப்பில். 15 லட்சம் உங்கள் பெயரும் மனைவி பெயரும் சேர்த்துத் தபால் அலுவலக மாதாந்திர வருமானத் திட்டத்தில், இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 9,250 வரும். 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு என்று வையுங்கள், ஆனால் அதற்குப் பொதுவாக 60 வயது ஆக வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்போதும் அதில் சேர முடியாது. அதுவரை இரண்டு வருட வங்கி வைப்பில் மாத வட்டி வாங்குங்கள். 60 ஆனதும் மாற்றினால் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். எட்டு லட்சத்தை எட்டு வருடம் தொடுவதில்லை என்ற உறுதியோடு குறியீட்டு மியூச்சுவல் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது), ஒரே நாளில் போடாமல் ஒரு வருடத்துக்குப் பிரித்துப் போடுங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 45,000 பன்னிரண்டு வருடத்தில் 90,000 ஆகும். வட்டி மட்டும் அதை எட்டிப் பிடிக்காது. மீதி ஐந்து லட்சம் சாதாரண வைப்பு. 60-க்குப் பிறகு எல்லாம் சேர்த்து மாதம் 32,500 போல வரும்.

அப்போதும் 12,000 குறைகிறது. இதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் உங்கள் கையில் தொழில் இருக்கிறது, அந்தத் தொழிலுக்கு இராமநாதபுரம் வெயில் துணை. ஒரு ஸ்பிளிட் ஏசி சர்வீஸுக்கு 500 ரூபாய் என்றால் மாதம் 25 வீடு போதும். கோடையில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும், மழைக்காலத்தில் குறையும். அங்கே நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பெரிய பேக்கேஜ் யூனிட்டாக இருக்கும். ஊரில் வீடுகளுக்கு இப்போது ஆர்-32 கேஸ் வருகிறது, இலேசாகத் தீப்பற்றக் கூடியது. அதற்குரிய கேஜும் பழக்கமும் வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் கற்றுக்கொள்ளுங்கள். ஏணியில் ஏற ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கையும் காலும் ஓடவில்லை என்றீர்களே, அதற்கும் இதுதான் மருந்து. வருடக்கணக்கில் அதிகாலை பஸ்ஸைப் பிடித்தவருக்கு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை நிழலில் உட்காருவதே பெரிய ஓய்வாக இருந்தவருக்கு, நாள் முழுவதும் ஓய்வு என்றால் உடம்பு ஏற்காது. அடுத்த லீவில் வீட்டுச் செலவு நோட்டை மனைவியிடமிருந்து வாங்கி, ஒரு மாதம் நீங்களே எழுதிப் பாருங்கள். 45,000 என்ற என் கணக்கு சரியா என்பதும் தெரியும், அந்த வீட்டில் உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதும் தெரியும்.

மாடி கட்ட வேண்டாம். 20 லட்சம் போட்டு 8,000 வாடகை வந்தால் 4.8 சதவீதம்; ஆள் மாறும் மாதம், வெள்ளையடிப்பு, வரி எல்லாம் அதிலேயே போகும். அவசரத்துக்கு ஒரு அறையை மட்டும் விற்கவும் முடியாது.

ரிட்டயர்மென்ட் விசா உங்களுக்கு எட்டாது. 55 வயதும் 15 வருட வேலையும் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் பத்து லட்சம் திர்ஹாம் சொத்தோ சேமிப்போ, இல்லையென்றால் மாதம் 20,000 திர்ஹாம் வருமானமோ காட்ட வேண்டும். ரூம்மேட் நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார், விட்டுவிடுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதது மருத்துவக் காப்பீடு. விசா கேன்சல் ஆனால் கம்பெனி இன்ஷூரன்ஸும் போய்விடும். இந்தியாவில் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். ஆக 58 வயதில் எடுத்தால் சர்க்கரையால் வரும் சிக்கலுக்கு 61 வரை கைப்பணம். தாமதிக்காமல், அடுத்த லீவிலேயே, உங்கள் இருவருக்கும் பத்து லட்சத்துக்கு எடுத்தால் நீங்கள் இறங்கும்போது இரண்டு வருடம் கழிந்திருக்கும். பிரீமியத்துக்கு வருடம் 40,000 ஒதுக்குங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. சர்க்கரையையும் கல்லையும் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள். ஏஜென்ட் ‘எழுதாதீங்க, பிரீமியம் ஏறும்’ என்பார். மறைத்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மறுப்பார்கள். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பு, கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தச் சோதனை), விழித்திரை, பல் எல்லாம் அங்கேயே பார்த்துவிடுங்கள். அந்த வெயிலில் தண்ணீர் குறைத்துக் குடித்து உழைத்த சிறுநீரகத்தைச் சோதிக்காமல் வர வேண்டாம்.

வருமான வரியைச் சொல்லிப் பயமுறுத்தி, பாலிசி விற்க ஆள் வரும். சர்வீஸ் காசு அங்கே சம்பாதித்து, வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்போது அங்கேயே வாங்குவது. இங்கே வரி இல்லை. மார்ச்சில் வந்தால் அந்த நிதியாண்டில் ஊரில் இருந்த நாட்கள், லீவையும் சேர்த்து, வெளிநாடுவாழ் இந்தியர் என்று கருதுவதற்கான 182 நாள் வரம்புக்கு வெகு கீழே இருக்கும். வந்ததும் வங்கிக்கு எழுதிக் கொடுத்து என்ஆர்இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். அதன்பின் வட்டி வரிக்கணக்கில் வரும்தான், ஆனால் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. உங்கள் வட்டி அதில் பாதிகூட இல்லை.

கடைசி வாரத்தில் அவசரம் காட்டாதீர்கள். அங்கே வங்கியில் லோனோ கிரெடிட் கார்டோ இருந்தால் முன்னமே முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். இல்லையென்றால் சர்வீஸ் காசு கணக்கில் விழுந்ததும் வங்கி பிடித்து வைக்கும். வேலை முடிந்து 14 நாளுக்குள் கம்பெனி பணம் தர வேண்டும். விசா கேன்சல் தாளில் ‘எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி இருக்கும். பணம் கணக்கில் ஏறி, போனில் பார்த்த பிறகு அதில் கையெழுத்துப் போடுங்கள். ‘டிக்கெட் போட்டாச்சு, கையெழுத்துப் போடு, பிறகு அனுப்புறோம்’ என்றால் டிக்கெட்டைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுப்பது நீங்கள் அங்கே இருக்கும்வரை சுலபம், பரமக்குடியிலிருந்து கஷ்டம்.