மண்டையோட்டில் துளை போடாமல் மூளையின் அழுத்தத்தைப் பார்க்க முடியாதா?

விபத்தில் தலையில் அடிபட்டு ஐ.சி.யூ.வில் இருக்கும் அண்ணாவுக்கு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு அழுத்தம் பார்க்க வேண்டும் என்று டொக்டர்மார் சொல்கிறார்களாம். துளை போடாமல் வழி இல்லையா என்று கேட்கிறீர்கள். நான் திருகோணமலையில் ஐ.சி.யூ. தாதி. வழி இருக்கிறது, நாங்களே செய்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

சம்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் மகன் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து வந்திருந்தான். டொக்டர் அவனுடைய மூடிய இமைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கனமாக ஜெல் பூசி, கண்ணை அமத்தாமல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்ததை அந்த அம்மா கதவுக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டார். நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், அடி தலையிலதானே? பிள்ளைக்குக் கண்ணும் போயிட்டுதா?"

"கண்ணுக்கு ஒண்டுமில்லை அம்மா. கண் வழியா மூளையைத்தான் பாக்கிறம்."

பார்வை நரம்பு மூளையின் நீட்சிதான். மூளையைச் சுற்றியுள்ள அதே சவ்வு அந்த நரம்பையும் உறைபோல் மூடியிருக்கிறது, உள்ளே அதே திரவம். மண்டையோடு விரியாது. வீக்கமோ இரத்தக்கட்டோ இடத்தைப் பிடித்து அழுத்தம் ஏறினால், திரவம் அந்த உறைக்குள் தள்ளப்பட்டு உறை உப்புகிறது. கண்விழிக்கு 3 மில்லிமீற்றர் பின்னால் அதன் அகலத்தை அளப்பார்கள். 5 முதல் 6 மில்லிமீற்றருக்குள் எங்கோ சந்தேகம் தொடங்குகிறது. கருவி கொஞ்சம் சரிந்தாலே அரை மில்லிமீற்றர் மாறிப்போகும், ஆகவே அளப்பவரின் கைப்பழக்கம் முக்கியம். கண்விழியே கிழிந்திருக்கலாம் என்றால் இதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று, நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியதாக இருக்கும் இடத்தில் டொப்ளர் என்ற ஒலியலைக் கருவியை வைத்து மூளை நாடிகளில் இரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பது. நோர்வேயைச் சேர்ந்த ரூன் ஆஸ்லிட் 1982இல் வெளியிட்ட முறை. சிலருக்கு அந்த எலும்பு வழியே ஒலி போகாது.

சரி, துளை எதற்கு? மேலே சொன்ன முறைகள் அந்த நேரத்து நிலையை ஊகித்துத்தான் சொல்லும். உள்ளே வைக்கும் கருவி ஒவ்வொரு நிமிடமும் எண்ணைக் காட்டும். வளர்ந்தவர் படுத்திருக்கும்போது சாதாரணமாக 7 முதல் 15 மில்லிமீற்றர் பாதரசம். 22ஐத் தாண்டினால் இறக்க வேண்டும் என்பது 2016இல் அமெரிக்காவின் மூளைக்காய அறக்கட்டளை வெளியிட்ட வழிகாட்டல். மூளைக்குள் திரவம் இருக்கும் அறைக்குள் குழாய் வைத்தால் திரவத்தை வடித்து அழுத்தத்தை அப்போதே இறக்கவும் முடியும், அதைக் கண்ணில் வைக்கும் கருவி செய்யாது. கிருமித்தொற்று, இரத்தக்கசிவு ஆபத்து உண்டு, உண்மை. அதையும் எண்ணிப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் துளை போட வசதியில்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். பொலிவியாவிலும் ஈக்குவடோரிலும் 324 பேரிடம் செய்த ஆய்வு 2012இல் வந்தது. உள்ளே கருவி வைத்துச் சிகிச்சை பெற்றவர்களும், ஸ்கேனையும் நோயாளியின் நிலையையும் உன்னிப்பாகப் பார்த்து அதே தீவிரத்தோடு சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் தேறினார்கள். எனக்கு அதில் பெரிய தெம்பு. மணிக்கு மணி ரோச் அடித்துக் கண்மணி சுருங்குகிறதா, இரண்டும் சமமா என்று பார்ப்பதும், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று எழுதி வைப்பதும் சின்ன வேலை இல்லை.

அந்த அம்மாவின் மகனுக்குப் பார்வை நரம்பு உறையின் அகலம் முதலில் 5.1 மில்லிமீற்றர், நாலு மணி நேரம் கழித்து 6.0. அப்போதே ஒரு பக்கக் கண்மணியும் மந்தமாகச் சுருங்கியது. டொக்டர் காத்திருக்கவில்லை. கட்டில் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வைத்து, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மனிற்றோல் மருந்தை ஏற்றி, கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிக்கு அனுப்பினோம். ஏறத்தாழ 180 கிலோமீற்றர். நானும் கூடப் போனேன், வழி முழுக்க ரோச் கையில்தான். அங்கே இரத்தக்கட்டை எடுத்து, நீங்கள் பயப்படும் அந்தத் துளையையும் போட்டார்கள். இப்போது கிளினிக்குக்கு நடந்து வருகிறான்.

உங்கள் டொக்டரிடம் இதைக் கேளுங்கள்: அண்ணாவுக்கு ஸ்கேனில் வீக்கம் எவ்வளவு, அவரை எழுப்பிப் பார்த்துக் கணிக்க முடியுமா, மயக்க மருந்தில் வைத்திருக்கிறார்களா? மயக்கத்தில் வைத்திருந்தால் கண்மணி தவிர நாங்கள் பார்த்து அறியக்கூடியது மிகக் கொஞ்சம். அப்படியென்றால் துளைக்குச் சம்மதியுங்கள்.