காபூல் பேராசிரியர்களும் நம்ம ஊர் விசாவும்

கேள்வி: ஆப்கானிஸ்தானில் பெண்கள் படிக்கத் தடை என்பது தெரியும். ஆனால் ஆண்களுக்குப் பல்கலைக்கழகம் நடந்துகொண்டுதானே இருக்கிறது? அப்புறம் ஏன் கல்விச் சுதந்திரமே போய்விட்டது என்கிறார்கள்?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: கட்டடம் திறந்திருக்கிறது, வாஸ்தவம். உள்ளே எதைச் சொல்லித்தரலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? 2025-ல் தாலிபான்கள் 680 புத்தகங்களைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கச் சொன்னார்கள். அவற்றில் 140 பெண்கள் எழுதியவை. வேதியியல் ஆய்வகத்தில் விபத்து நேராமல் வேலை செய்வது எப்படி என்ற புத்தகமும் பட்டியலில் இருக்கிறது! அமில பாட்டிலைப் பிடிக்கும் முறையில் மதத்துக்கு என்ன விரோதம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எழுதியவர் பெண், அவ்வளவுதான் விஷயம். கூடவே 18 பாடங்களுக்கும் தடை. நீக்கிய நூல்களுக்குப் பதிலாகப் பேராசிரியர்களே பாடம் எழுதிக்கொள்ள வேண்டிய நிலைமை. எழுதும்போது எந்த வரி யாருக்குப் பிடிக்காதோ என்று யோசித்து யோசித்து எழுதுகிற ஆணுக்கு மட்டும் சுதந்திரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

வாய்விட்டுப் பேசினால் என்ன ஆகும் என்பதும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. காபூல் பல்கலைக்கழகத்தின் சட்டம், அரசியல் துறைப் பேராசிரியர் ஃபைசுல்லா ஜலால், ஒரு டி.வி. விவாதத்தில் தாலிபான் பேச்சாளரை நேருக்கு நேர் திட்டினார். 2022 ஜனவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளியே பெரிய சத்தம் எழுந்ததால் சில நாட்களில் விட்டார்கள். பெயர் தெரியாத ஒரு உதவிப் பேராசிரியருக்கு யார் சத்தம் போடுவார்கள்?

கேள்வி: டி.வி.யில் சான்றிதழ்களைக் கிழித்தாரே ஒருவர், அதனால் என்ன பிரயோஜனம்? கொஞ்சம் நாடகமாகத் தெரியவில்லையா?
(வாசகர், கோவை)

பதில்: அவர் பெயர் இஸ்மாயில் மஷால். இதழியல் ஆசிரியர், காபூலில் சொந்தமாகத் தனியார் பல்கலைக்கழகம் நடத்தியவர். 2022 டிசம்பர் 20 அன்று பெண்களுக்குத் தடை வந்தது. ஒரு வாரத்தில் நேரலையில் உட்கார்ந்து தன் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார். என் தாயும் சகோதரியும் படிக்க முடியாத நாட்டில் இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம் என்றார். அதோடு நிற்கவில்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கொடுத்தால் எல்லோருக்கும் கல்வி, இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்று தன் நிறுவனத்தையே மூடினார். பிறகு ஒரு தள்ளுவண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு காபூல் தெருவில் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார். பிப்ரவரி 2 அன்று கைது, மார்ச்சில்தான் விடுதலை. பிழைப்பையும் பணயம் வைத்து ஜெயிலுக்கும் போனதை நாடகம் என்றால், அப்படியே இருக்கட்டும். எனக்கு அந்த நாடகம் பிடித்திருக்கிறது.

கேள்வி: தாலிபானுக்கு முன்னால் மட்டும் எல்லாம் சரியாக இருந்ததா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை ஐயா. 1978-க்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் எத்தனையோ ஆசிரியர்கள் காணாமல் போனார்கள். தத்துவப் பேராசிரியர் பஹாவுதீன் மஜ்ரூஹ் பெஷாவருக்குத் தப்பிப்போய் எழுதிக்கொண்டிருந்தார், 1988-ல் அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். 2020 நவம்பரில் துப்பாக்கியோடு வந்தவர்கள் காபூல் பல்கலைக்கழக வளாகத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்த நாட்டில் வகுப்பெடுப்பது எப்போதுமே தைரியமான வேலைதான்.

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போடுவதைத் தவிர நம்மால் வேறென்ன செய்ய முடியும்?
(ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: கையெழுத்துப் போடுங்கள் அம்மா, ஜலால் விஷயத்தில் வெளியே எழுந்த சத்தம்தானே உதவியது. ஆனால் தப்பி வந்த ஒரு ஆய்வாளருக்கு முதலில் வேண்டியது விசா, பிறகு சம்பளம், பிறகு ஒரு மேசை. இதில் நம் நாட்டின் கணக்கு அவ்வளவு சுத்தமில்லை. 2021 ஆகஸ்டில் ஆப்கானியர்களுக்குக் கொடுத்திருந்த விசாக்களை இந்தியா ஒரேயடியாக ரத்து செய்து, இனி இ-விசாதான் என்றது; இங்கே சேர்ந்து படித்துக்கொண்டிருந்து, விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகி டெல்லிக்கு வந்து போனார், காபூலில் நம் தூதரகமும் முழு அளவில் திறந்தது. பேசுவதில் தப்பில்லை. பேசுகிறவர்கள் மாணவர் விசாவையும் மேசையில் வைக்கலாமே.

நல்லதும் நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் வர முடியாத ஒரு ஆப்கன் மாணவி, வீட்டிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் அமைத்து, இணையம் வழியாகவே வேதிப்பொறியியலில் எம்.டெக். முடித்தார். ஐ.ஐ.டி. அதற்கு வழிவிட்டது. உங்கள் கல்லூரியில் இணையவழிப் படிப்பு இருந்தால், கட்டணமில்லாமல் இரண்டு இடம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். நேரலை வகுப்பை மட்டும் நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் கடைசியில் நாடு முழுக்க இணையத்தை அணைத்துவிட்டார்கள், இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. அதனால் பாடத்தைப் பதிவு செய்து, ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளும்படி சின்ன ஃபைலாக அனுப்புங்கள், தேர்வுத் தேதியிலும் கொஞ்சம் தாராளம் காட்டுங்கள்.