ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டான். தங்கையை அடிக்கிறான். வீட்டுப்பாட நோட்டை எடுத்தாலே கத்துகிறான், பென்சிலை உடைக்கிறான். கூப்பிட்டால் காதில் வாங்குவதே இல்லை, டிவியை மட்டும் வீடு அதிர வைத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். கணவர் ஜனவரியில் கத்தாருக்கு வேலைக்குப் போனார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் மாமியார். ‘ஹைப்பர்’ என்கிறார் வகுப்பு ஆசிரியை. நான் எங்கே தப்பு செய்தேன்?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

நான் மருத்துவன் இல்லை, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன், அவ்வளவுதான். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைப் படித்தவர்களும் செய்திருக்கிறார்கள். ஆட்டிசம் வருவதற்குப் பாசமில்லாத தாய்தான் காரணம் என்று மேற்கில் நிபுணர்களே பல ஆண்டுகள் நம்பினார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளரின் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது. 1964இல் அவர் ஒரு புத்தகமே எழுதி அந்த நம்பிக்கையை மறுத்தார். அதனால் ‘யார் தப்பு’ என்பதை விட்டுவிட்டு, ‘எப்போது, எங்கே, எதற்கு முன்னால்’ என்று கேட்டுப் பார்ப்போம்.

நீங்கள் குற்றச்சாட்டாக எழுதிய ஒரு வரி எனக்குத் தகவலாகப் படுகிறது. கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை, டிவி சத்தம் அதிகம். என் அக்கா பேரனுக்கும் இதே புகார்தான். ‘திமிர்’ என்றே வீட்டில் முடிவு கட்டியிருந்தோம். ஒருநாள் தரையில் கார் பொம்மையை ஓட்டிக்கொண்டிருந்தவன் முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா, “முறுக்கு வேணுமாடா?” என்று மெதுவாகக் கேட்டாள். அசையவில்லை. முன்னால் போய் அதே குரலில் கேட்டாள். கையை நீட்டிவிட்டான். முறுக்குக்குக்கூடத் திமிர் காட்டுகிற பிள்ளை உண்டா என்ன? அடிக்கடி சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. இதில் பெரும்பாலும் வலி இருக்காது. ஒருநாள் நன்றாகக் கேட்கும், இன்னொரு நாள் மந்தமாகக் கேட்கும். அதனால்தான் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துவிடுகிறோம். பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் தானாகவே வடிந்துவிடும், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள், பாதிப் புகார் அதிலேயே நின்றது.

ஆக, முதலில் காது. அப்படியே கண்ணையும் பார்த்துவிடுங்கள். இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா என்றும் கவனியுங்கள். தூக்கம் கெட்டால் நாம் சோர்ந்து விழுவோம், குழந்தைகள் பலர் துள்ளுவார்கள். இரும்புச்சத்துக் குறைவும் சிடுசிடுப்பைக் கொண்டுவரலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த நோட்டு. முதல் வகுப்பில் படத்தைப் பார்த்தும் மனப்பாடமாகவும் சமாளித்துவிடும் பிள்ளை, பாடம் பத்தியாக நீளும்போது மாட்டிக்கொள்கிறது. ஒரு கதையை வாயால் சொல்லச் சொல்லுங்கள், பிறகு அதே அளவு ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். சொல்வதில் கெட்டிக்காரனாகவும் படிப்பதில் திணறுபவனாகவும் இருந்தால் கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது. எட்டு வயதுக்கு முன் பொதுவாக உறுதியாகச் சொல்லமாட்டார்கள். உதவியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தனக்கு வராததை எல்லோர் முன்னாலும் காட்டுவதைவிடப் பென்சிலை உடைப்பது அவனுக்குச் சுலபம்.

ஆசிரியை சொன்ன ‘ஹைப்பர்’ விஷயத்துக்கு வருகிறேன். கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்று மருத்துவர் முடிவு செய்ய ஆறு மாதமாவது அந்த அறிகுறிகள் இருக்க வேண்டும், அதுவும் வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில். அது ஜூன் மாதம் என்று தேதி போட்டுக்கொண்டு வருவதில்லை. ஐந்து வயதில் எப்படி இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பா போனது ஜனவரி, மாற்றம் ஜூன். அந்த ஏக்கம் இதில் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது மட்டுமே என்றும் நம்ப முடியவில்லை. ஜூனில் பள்ளியில் என்ன மாறியது? புது ஆசிரியரா, புது வேனா, பக்கத்து இருக்கைப் பையனா? அந்த ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி நடிப்பு இல்லை. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். “யாராவது அடிச்சாங்களா?” என்று நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் வரும். இட்லி சாப்பிடும்போது, “வேன்ல உன் பக்கத்துல யார் உட்காருவா?” என்று கேளுங்கள். பாத்ரூம் போக விடுகிறார்களா என்று கேளுங்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடை செய்துவிட்டது. யாராவது தொட்டதாக ஒரு வார்த்தை வந்தால், குறுக்கு விசாரணை வேண்டாம், திட்டவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு பழைய டைரியில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்குக் கத்தினான், அதற்குப் பத்து நிமிடம் முன்னால் என்ன நடந்தது, கத்தியதும் நீங்கள் என்ன செய்தீர்கள். மாமியாரையும் எழுதச் சொல்லுங்கள். (எழுத உட்காரும் ஆளுக்குத் திட்ட நேரம் இருக்காது என்பது என் சொந்த அனுபவம்.) அந்த டைரியோடு உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள். உங்களுக்கே மனம் தாங்காத இரவுகளில் அரசின் மனநல உதவி எண் 14416இல் பேசலாம், கட்டணம் இல்லை.

காதுப் பரிசோதனை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.